அணி வேண்டும், ஏலம் வேண்டாம்!

விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் தெருமுனையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். கையில் தூக்குவாளியோடு நம் தாய்மார்கள் அவற்றில் அடைபட்டு மலையேறிப் போவார்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர். சில நாள் அதற்கும் மேல். அந்த ஜீப்பின் விளக்கு வெளிச்சத்தில், சாலையின் ஓரத்தில், ஒரு பையன் ஓடிக்கொண்டிருப்பான். காலில் தேய்ந்துபோன கான்வாஸ். வயிற்றில் நேற்று ராத்திரி தின்ற சோறு. "பார்த்து ஓடுடா, லாரி வருது!" என்று ஜீப்பிலிருந்து ஒரு தாய் குரல் கொடுப்பாள். அவன் அவள் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வர்க்கத்துப் பிள்ளை, அது போதும்.

அப்படி ஓடுகிற தம்பி ஒருவன் கட்சி அலுவலகத்துக்கு வந்து என்னிடம் கேட்டான்:

"அண்ணே, கிரிக்கெட்டுக்கு லீக் இருக்கு. கபடிக்கு இருக்கு. அஞ்சாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர் ஓடுற எங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வந்தா, ஏதாச்சும் ஒரு கம்பெனி எங்களையும் விலைக்கு எடுக்கும்ல? அதை நீங்க ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?"

நியாயமான கேள்வி. பசித்த வயிற்றிலிருந்து வரும் கேள்வி எதுவும் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு சொல் இருக்கிறது தோழர்களே! "விலைக்கு எடுக்கும்" என்ற சொல். ஓட்டக்காரனுக்கு அணி வேண்டும், சம்பளம் வேண்டும் என்று அந்தத் தம்பி கேட்டால், முதல் கையெழுத்து நம்முடையது. தன்னை யாராவது விலைக்கு வாங்க வேண்டும் என்று அவன் கேட்கும்படி அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அதைத்தான் நாம் பேசியாக வேண்டும்.

ஓடுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

நெடுந்தூர ஓட்டம் ஏழையின் விளையாட்டு. கிரிக்கெட் மட்டை வேண்டாம், டென்னிஸ் திடல் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். சாலை இருந்தால் போதும், கால் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் கூலிக்காரன் பிள்ளை இதிலே இறங்குகிறான்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பேரால் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகமே பார்க்கும்படி அவமானப்படுத்தினார்கள். அதன்பின் என்ன நடந்தது? நாட்டுக்காக ஓடிய கால்கள் மீண்டும் செங்கல் சூளைக்குள் போயின, நாட்கூலிக்கு! ஏறத்தாழ பத்து ஆண்டுகள் போராடிய பிறகுதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

அதே புதுக்கோட்டை மண்ணின் மைந்தர் லட்சுமணன் கோவிந்தன். 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். மராட்டியத்தின் வறண்ட பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவினாஷ் சாப்ளே. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பீகாரின் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் ஓடி முடித்த மாரத்தானை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் ஒருவராலும் முந்த முடியவில்லை.

லட்சுமணன், சாப்ளே, சிவ்நாத் சிங் – இந்த மூவருக்கும் பொதுவானது என்ன? மூவரும் ராணுவத்தில் இருந்தவர்கள். அதாவது மாதம் பிறந்தால் சம்பளம், வேளைக்குச் சோறு, கால் வலித்தால் வைத்தியர், ஓடுவதற்கு நேரம். எந்த முதலாளியும் அவர்களை மேடையில் நிறுத்தி ஏலம் கூறவில்லை. நிரந்தர வேலைதான் அவர்களை ஓட வைத்தது. அந்த வேலை இல்லாததுதான் சாந்தியைச் சூளைக்குத் திருப்பி அனுப்பியது. இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசுக்கு ஓடுவது கேவலமா?

நாம் லீக்கைக் குறை சொன்னவுடன் ஒரு கூட்டம் குதூகலத்தோடு நம் பக்கம் வந்து நிற்கும். "அப்படிச் சொல்லுங்கள்! விளையாட்டில் காசு கலக்கக் கூடாது. தேசத்துக்காக, மானத்துக்காக ஓட வேண்டும்" என்று உபதேசம் செய்யும். அந்தக் கனவான்களின் கைகுலுக்கல் நமக்குத் தேவையில்லை.

காசு வாங்காமல் ஓடுகிறவனே உத்தமன் என்ற விதி எங்கே பிறந்தது? இங்கிலாந்தில், பிரபுக்களின் மாளிகையில் பிறந்தது. 1860களில் அங்கே ஓட்டப் பந்தய சங்கம் கண்ட கனவான்கள், யார் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம் என்று சட்டம் எழுதினார்கள். காசுக்கு ஓடியவன் கூடாது என்றதோடு நிற்கவில்லை. யந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலிக்காரன் இவர்களும் கூடாது என்று பச்சையாகவே எழுதிவைத்தார்கள். நாளெல்லாம் உழைத்து உரமேறிய உடம்புக்காரன், உட்கார்ந்து தின்ற துரையை ஓட்டத்தில் ஜெயித்துவிடுவான் என்ற பயம்! பிறகு வெட்கப்பட்டு அந்த வரியை எடுத்தார்கள். வரி போயிற்று; புத்தி போகவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு எடுபிடி வேலைக்குப் போன பின்லாந்துப் பையன் பாவோ நூர்மி, நெடுந்தூர ஓட்டத்தில் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவரையே 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் "காசு வாங்கினான்" என்று குற்றம் சாட்டித் தடுத்து நிறுத்தினார்கள்.

காசில்லாமல் ஓடு என்று சொல்ல, சொத்து இருப்பவனால்தான் முடியும். உயர்ந்த நிலையில் ஓடும் ஒருவன் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழக வேண்டும். ஒரு ஜோடி ஓட்டக் காலணி எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டரில் உயிரை விட்டுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஜோடிக்கு ஆயுள் இரண்டே மாதம், வருஷத்துக்கு ஆறு ஜோடி! ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. அதோடு முட்டை, பால், கறி. பெண் பிள்ளையாக இருந்தால் ரத்தசோகைக்கு மருந்து. இவ்வளவையும் நாற்று நட்டுக் கூலி வாங்கும் தாய் எங்கிருந்து கொண்டுவருவாள்? அரைநைட்டும் முழுநைட்டும் மாறி மாறிப் பார்க்கும் பஞ்சாலைப் பிள்ளை, பஞ்சுத்தூசி படிந்த நெஞ்சோடு எப்போது தூங்குவான், எப்போது ஓடுவான்?

ஆகவே ஓட்டம் ஓர் உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. இதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. யார் கொடுப்பது, எந்த நிபந்தனையில் கொடுப்பது, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது? சண்டையெல்லாம் இங்கேதான்.

ஏலக்காயும் ஏலமும்

நம் போடி நாயக்கனூரிலே ஏலக்காய் ஏலம் நடக்கிறது. குளிரூட்டிய கூடத்தில் கணினி முன்னால் வியாபாரிகள் உட்கார்ந்து விலை ஏற்றுகிறார்கள். அந்தக் காயை எடுத்தவள் யார்? நாலரை மணி ஜீப்பில் மலையேறியவள். செடிக்குச் செடி குனிந்து, அட்டைக் கடியில் நின்று, மழையில் நனைந்து எடுத்தவள். ஏலக் கூடத்தில் அவளுக்கு நாற்காலி உண்டா? கிலோ ஆயிரத்துக்குப் போன நாளிலும் மூவாயிரத்துக்குப் போன நாளிலும் அவள் கூலி அந்த வேகத்தில் ஏறியதுண்டா? ஏலத்தில் விலை ஏறுவது சரக்குக்கு. சரக்கை உண்டாக்கியவளுக்கு அல்ல.

ஓட்டக்காரர் லீக்கில் இதைவிடக் கொடுமை. அங்கே உழைக்கிறவனும் அவனே, சரக்கும் அவனே!

நம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காதவர் உண்டா? தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்து விடுவார்கள். ஓடுவது மாடு. நுரை தள்ளுவது மாடு. பரிசுப் பணமும் கோப்பையும் மாட்டுக்காரர் கையில். அவராவது வளர்த்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பார். காலில் அடிபட்டால் கண்ணீர் விடுவார். லீக் முதலாளிக்கு அந்தப் பாசமும் இல்லை. இந்த வருஷம் எடுத்த ஓட்டக்காரனுக்குத் தொடையில் தசை கிழிந்தால், அடுத்த ஏலத்தில் அவன் பெயரே இருக்காது.

பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் சொல்லி நம் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆலைக்குள் அடைத்த கதை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. "மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகத் தொகை" என்று ஆசை காட்டினார்கள். மூன்றாவது வருஷ முடிவில் உடம்பு கெட்டு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? தொகைக்கு நடையாய் நடந்தவர்கள் எத்தனை பேர்? இப்போது 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், காலவரையறை வேலை என்ற பெயரில் அந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் சட்டமாக்கிவிட்டன. லீக் ஒப்பந்தம் என்பது என்ன? மைதானத்துக்குள் நுழைந்த காலவரையறை வேலைதான். மேலே வர்ணச் சட்டை, உள்ளே அதே கேம்ப் கூலி!

லீக்குகளின் ஜாதகம்

"கபடியைப் பாருங்கள்" என்பார்கள். பார்க்கிறோம். புரோ கபடி லீக் 2014இல் வந்தது. தமிழ்நாட்டு அணி 2017இல் சேர்ந்தது. 2023 ஏலத்தில் ஒரு வீரருக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விலை போயிற்று. சில கிராமத்துப் பிள்ளைகள் வீடு கட்டினார்கள், தங்கை கல்யாணத்தை நடத்தினார்கள். அதைக் கண்டு நமக்குப் பொறாமையில்லை, சந்தோஷமே. ஆனால் ஏலத்தில் பேர் வந்தவன் ஒருவன் என்றால், முழங்கால் உடைந்து ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தொலைக்காட்சி காட்டாது.

மற்ற லீக்குகளின் கதை என்ன? ஹாக்கி இந்தியா லீக் 2013இல் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, 2017உடன் நின்று போயிற்று. மறுபடி கண் திறந்தது 2024 டிசம்பரில். நடுவிலே ஏழு வருஷம்! ஒரு விளையாட்டுக்காரனின் வாலிபமே அவ்வளவுதான். கால்பந்தில் ஐஎஸ்எல் லீக்கை நடத்தும் ஒப்பந்தத்தில் இழுபறி வந்ததும், 2025 ஆகஸ்டில் பெங்களூர் எஃப்சி தன் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னை அணியும் தன் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. முதலாளிகளுக்குள் கணக்குத் தீரவில்லை, பட்டினி விளையாட்டுக்காரனுக்கு! ஆலையில் பஞ்சு விலை ஏறினால் நமக்கு லே-ஆப் கொடுப்பார்களே, அதே நியாயம்.

ஓட்டத்திலேயே இது நடக்காமல் இல்லை. 1970களில் அமெரிக்காவில் தொழில்முறை ஓட்டக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கென்யாவின் கிப் கெய்னோ, அமெரிக்காவின் ஜிம் ரையன் போன்ற பெரும் ஓட்டக்காரர்களைச் சேர்த்து ஊர் ஊராக ஓட வைத்தார்கள். 1973இல் முதல் பந்தயம். 1976இல் கடையை மூடினார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து அதே நாட்டில் இன்னொன்று. கிராண்ட் ஸ்லாம் டிராக் என்று பெயர். பழைய ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஜான்சன் 2025 ஏப்ரலில் ஜமைக்காவில் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருபவருக்கு ஒரு லட்சம் டாலர்! உலகமே வாயைப் பிளந்தது. நடக்க வேண்டிய போட்டிகள் நான்கு, நடந்தவை மூன்று. மூன்றாவது போட்டியிலேயே செலவைக் குறைக்கக் கத்தரிக்கோலை எடுத்தார்கள். முதலில் வெட்டியது எதை? 5,000 மீட்டர் ஓட்டத்தை! நான்காவது போட்டியை ரத்து செய்தார்கள். ஓடி ஜெயித்தவர்களுக்குப் பரிசுப் பணம் மாதக்கணக்கில் பாக்கி. டிசம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்துவிட்டது. உலகத்தின் மிக வேகமான கால்களுக்கே இந்தக் கதி என்றால், சின்னமனூர் பையனின் கால்களுக்கு யார் ஜாமீன்?

தம்பி, கவனித்தாயா? ஆபத்து வந்ததும் முதலில் கழித்துக் கட்டியது நெடுந்தூரக்காரனை. ஏன்? நூறு மீட்டர் பத்து விநாடியில் முடிகிறது. விளம்பரத்துக்கு வாகாக இருக்கிறது. பத்தாயிரம் மீட்டர் அரைமணி நேரம் ஓடுகிறது. பொறுமையாக உட்கார்ந்து பார்க்க அந்த ஓட்டத்தை அறிந்த மக்கள் வேண்டும். லாபவேட்டைக்காரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. நெடுந்தூர ஓட்டம் நாலு வருஷம், எட்டு வருஷம் பயிர் செய்து அறுவடை பார்க்கும் தென்னை. முதலாளி கேட்பது நாற்பது நாள் கீரை.

பெருநகர மாரத்தான்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 மும்பை மாரத்தானில் முதலாவதாக வந்த வெளிநாட்டு வீரருக்குப் பரிசு 50,000 டாலர். இந்தியர்களில் முதலாவதாக வந்தவருக்கு 5 லட்சம் ரூபாய். வெளிநாட்டுத் தோழர் மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார். ஒரே சாலையில், ஒரே வெயிலில் ஓடியவர்களுக்கு இரண்டு தராசு வைத்த கனதனவான்கள் மேல்தான் கோபம்.

எந்த அணி வேண்டும்?

"எல்லாவற்றையும் கூடாது கூடாது என்கிறீர்களே, கூடியது எது?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மலைச் சீமையில் அணியாக ஓடிய முதல் ஆட்கள் யார்? அஞ்சலோட்டக்காரர்கள். மேற்குமலைக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர் சமஸ்தானத்தில், மணி கட்டிய கோலும் தபால் பையுமாக ஒருவன் ஓடி அடுத்தவன் கையில் கொடுப்பான். அவன் அதற்கடுத்தவனிடம் கொடுப்பான். 1951இல் அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவோடு சேர்ந்தது. இன்றைக்கும் நாம் தொடர் ஓட்டத்துக்கு அஞ்சலோட்டம் என்றுதான் பெயர் சொல்கிறோம். அணி ஓட்டம் என்பதே உழைப்பாளி கண்டது. மன்னன் பையைச் சுமந்த காலமும் போய்விட்டது; இனி நம் பையை நாம் சுமந்து ஓடலாம்.

ஜப்பானில் எகிடென் என்று ஓர் அஞ்சலோட்டம். 1917இல் கியோத்தோ நகரிலிருந்து தோக்கியோ வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாள் ஓடினார்கள். இன்று ஆண்டுதோறும் புத்தாண்டு தினத்தில் ஆலைகள், கம்பெனிகளின் அணிகள் ஓடுகின்றன. ஏழு பேர் சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தோளில் ஒரு துணிப்பட்டை. ஒருவர் கழற்றி அடுத்தவர் தோளில் மாட்ட வேண்டும். ஓடுகிறவர்கள் அந்த ஆலையின், அந்தக் கம்பெனியின் ஆட்கள். பந்தயமில்லாத மாதத்திலும் சம்பளம் உண்டு. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்துத் தங்கம் வென்ற ஜப்பானியப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் யார் தெரியுமா? நிச்சிபோ பஞ்சாலையின் கைசுகா ஆலைப் பெண்கள்! ஆலை முடிந்து ராத்திரி நெடுநேரம் அவர்களைப் பழக்கிய கொடுமையும் அதிலே உண்டு. அதைப் புகழ நான் வரவில்லை. நூல் நூற்கும் கை உலகத்தையே ஜெயிக்கும் கை என்பதைச் சொல்லவே வந்தேன்.

செக்கோஸ்லோவாகியாவின் எமில் சடோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். இன்றுவரை வேறொருவர் செய்யாத காரியம். அவர் பாட்டா செருப்பாலைத் தொழிலாளி. ஆலை நடத்திய பந்தயத்தில் "நீ ஓடு" என்று பிடித்துத் தள்ளியபோதுதான் தன் கால்களின் சக்தியைக் கண்டார். பின்னாளில் ராணுவ வேலையில் இருந்தபடி உலகத்தை வென்றார். 1968க்குப் பின் கருத்து வேற்றுமைக்காக அவரைக் கட்சியிலிருந்து நீக்கிக் கடின வேலைக்கு அனுப்பினார்கள். அது தவறு. நம் பக்கத்துத் தவறென்று மூடி மறைக்க வேண்டியதில்லை. வீரனைச் சரக்காக்குவதும் தவறு. சர்க்காரின் பொம்மையாக்குவதும் தவறு.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பெரியகுளத்துக்கே வாருங்கள். கோடைதோறும் அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குச் சுற்றுவட்டாரமே திரண்டுபோகிறது. அங்கே வந்து ஆடும் பெரிய அணிகளின் பெயரைப் படியுங்கள்: இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் வங்கி... பொதுத்துறை, பொதுத்துறை, பொதுத்துறை! இந்த நாட்டின் உண்மையான தொழில்முறை அணி அதுதான். ரயில்வே, வங்கி, போலீஸ், மின்வாரியம் – வேலையும் கொடுத்து விளையாடவும் விட்ட இடங்கள். அந்த நிரந்தர வேலைகளைத்தான் தனியாருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கூறுபோடுகிறார்கள். ஒரு கையால் பிள்ளையின் வேலையைப் பறித்துக்கொண்டு, மறு கையால் "வா, உன்னை ஏலத்தில் எடுக்கிறேன்" என்று அழைக்கிறார்கள். ஆட்டுக்குத் தழையைக் காட்டிக் கூட்டிப்போவது எங்கே என்று நமக்குத் தெரியாதா?

நம் மேலும் குற்றம் உண்டு

குற்றம் அடுத்தவர் மேல் மட்டும் இல்லை. வருஷா வருஷம் மே தினத்தில் ஆலை வாசலில் கொடி ஏற்றுகிறோம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேர ஓய்வு என்று முழங்குகிறோம். அந்த ஓய்வில் நம் பிள்ளை ஓடுவதற்கு ஒரு மைதானம் கேட்டோமா? கூலி உயர்வுக் கோரிக்கையோடு ஒரு வரி சேர்த்து எழுதினோமா? இல்லை. ஐரோப்பியத் தொழிலாளிகள் 1925இல் பிராங்பர்ட்டிலும் 1931இல் வியன்னாவிலும் தங்களுக்கென்று தொழிலாளர் ஒலிம்பிக் நடத்திக் காட்டினார்கள். நாம் ஓட்டத்தைச் சின்னப்பிள்ளை விவகாரம் என்று ஒதுக்கினோம். நாம் விட்ட இடத்தில் பரிசுக் கோப்பையோடும் ஆளுயர விளம்பரப் படத்தோடும் ஊர்ப் பணக்காரர் வந்து நிற்கிறார். ஜாதிக்காரர் வந்து நிற்கிறார். கோப்பையைக் கொடுத்துப் பையனையும் கூட்டிப் போகிறார். பறிகொடுத்த பிறகு புலம்பி என்ன பயன்?

ஆகவே நம் கோரிக்கைகளைத் திட்டமாக வைப்போம்.

ஒன்று: ரயில்வேயிலும் போலீசிலும் வங்கியிலும் மின்வாரியத்திலும் விளையாட்டு வேலைகளைக் குறைக்காதே, நிரப்பு. மாநில சர்க்கார் அறிவித்த 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் நெடுந்தூர ஓட்டக்காரருக்கும், அதிலும் பெண் பிள்ளைகளுக்கும், நிச்சயமான இடம் கொடு. வேலை நிரந்தர வேலையாக இருக்கட்டும்.

இரண்டு: மாவட்டந்தோறும் ஓட்டக்காரர் அணி அமை. மாதச் சம்பளம், சத்துணவு, காலணி, பயிற்சியாளர், வைத்தியம் ஆகியவை சர்க்கார் பொறுப்பு. காயம்பட்டவனைக் கைவிடாதே, காயக் காலத்துக்கும் சம்பளம், ஓட்டம் முடிந்த பின் வேலை.

மூன்று: ஆலைகளில் ஓடும் தொழிலாளிக்கு நிரந்தரப் பகல் ஷிப்டும் போட்டிக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கொடு. ரிங் பிரேம் ஓரத்தில் எங்கள் சைடர் பெண்கள் ஒரு ஷிப்டில் நடக்கிற தூரத்தை எந்த முதலாளியும் அளந்து பார்த்ததில்லை. அளந்தால் கூலி கேட்டுவிடுவோம் என்ற பயம்!

நான்கு: எந்தப் பேரில் லீக் வந்தாலும், ஓடுகிறவர்களின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகே பந்தயம் நடக்க வேண்டும். பரிசுத் தொகை முழுவதையும் முன்கூட்டியே வங்கியில் கட்டு. ஓட்டக்காரன் தொழிலாளி, தொழிலாளிக்குச் சங்கம் உரிமை.

ஐந்தாவது கோரிக்கை சர்க்காருக்கல்ல, நமக்கு நாமே. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் இறங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீர் வரும் வழியே நாமும் ஓடுவோம். லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி: ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சங்கத்துக்கு ஏழு பேர். அதில் மூன்று பேராவது பெண்கள். பஞ்சாலைச் சங்கம் ஓர் அணி, விவசாயத் தொழிலாளர் சங்கம் ஓர் அணி, தோட்டத் தொழிலாளர் ஓர் அணி, சுமைப்பணித் தோழர்கள் ஓர் அணி. மே மாத வெயிலில் வேண்டாம். தை மாதக் குளிரில், பொங்கலை ஒட்டி வைப்போம். பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் தேதியே பொருத்தமான நாள். அணையைக் கட்டிய கூலிகளின் பெயரைக் கல்லில் எழுதவில்லை, அவர்களுக்காகவும் ஓடுவோம்.

தோளிலே என்ன மாட்டுவது? ஜப்பான்காரன் பட்டையைத் தேட வேண்டாம். ஒரு சிவப்புத் துண்டு போதும். தோளில் துண்டு போடாதே, இடுப்பில் கட்டு என்று பண்ணையார்கள் நம் பாட்டன்மாருக்குச் சொன்னார்கள். போராடித் தோளில் ஏற்றிய துண்டு அது. வேர்வையில் நனைந்த அந்தத் துண்டைக் கூடலூர்க்காரன் கழற்றிக் கம்பத்துக்காரி தோளில் போடட்டும். அவள் கொண்டுபோய் உத்தமபாளையத்தில் கொடுக்கட்டும். கடைசி ஆள் தேனிக்குள் நுழையும்போது முதலாவதாக வந்தது எந்த அணி என்பதை ஊர் மறந்துவிடும். துண்டு கீழே விழவில்லை என்பதை மறக்காது.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன்னை எந்தக் கம்பெனி எடுக்கும் என்று கேட்காதே. நீ சரக்கல்ல. எங்கள் வேலை எங்கே, எங்கள் அணி எங்கே, எங்கள் சங்கம் எங்கே என்று கேள். நாளைக் காலை நாலரை மணிக்கும் ஓடு. உன் பக்கத்தில் மலையேறும் ஜீப்பில் இருக்கிறாளே அந்தத் தாய், அவளுக்குக் கூலி உயர்வு கிடைக்கும் போராட்டமும் உனக்குக் காலணி கிடைக்கும் போராட்டமும் ஒன்றே.

ஓட்டக்காரன் தொழிலாளி!
அவனுக்கு நிரந்தர வேலை கொடு!
அணி வேண்டும், ஏலம் வேண்டாம்!